எஞ்சினுக்கு முன் துடுப்பு

துறைமுகத்துக்குப் பக்கத்தில், சிறு படகுகள் நிற்கும் கரையில்தான் அந்த மீனவரைச் சந்தித்தேன். ஒடுங்கிய உடம்பு, தோள்கள் மட்டும் வேறு யாருடையவையோ போல அகன்றிருந்தன. படகில் எஞ்சின் இருந்தும், கொஞ்சத் தூரம் துடுப்பு வலித்துப் போன பிறகே அதை இயக்குவார். நாடு கடனில் நொடிந்து, எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் மற்றப் படகுகளெல்லாம் கரையில் கிடந்த காலத்தில் அவர் துடுப்போடுதான் தொழிலுக்குப் போனாராம். இப்போதும் அதை விடாதது எனக்கு வீண் பிடிவாதமாகவே பட்டது.

ஒரு மாலை கேட்டே விட்டேன். "நாடு நிமிர்ந்திட்டுது எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். மண்ணெண்ணெயும் கிடைக்குது. இன்னும் ஏன் அண்ணை இந்தப் பாடு?"

வலையை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "ஓம், கிடைக்குது. போனமுறை இல்லாமல் போகேக்க, ஆரும் எங்களிட்ட முன்கூட்டிச் சொன்னவையோ? கை துடுப்பை மறக்காட்டி, இனியும் என்னை ஒருத்தராலயும் கரையில இருத்த ஏலாது, தம்பி."

படகைத் தள்ளி ஏறினார். வழக்கமாக எஞ்சின் சத்தம் கேட்கும் இடம் வந்தது. காது கொடுத்து நின்றேன். அந்த இடத்தையும் தாண்டிப் போனார். அன்று அவர் எஞ்சினைத் தொடவேயில்லை.