அக்கா மகளுக்குக் கொடுத்த மாயப் பள்ளிக்கூடம்

போனில் படிக்கிற காமிக்ஸ் ஒன்று இருக்கிறது. மலைமேல் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே புதிதாகச் சேரும் ஒரு பெண். சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் ஒரு நாற்காலி கூடும். அது யாருக்கு என்று எவருக்கும் தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடம் ஒப்பிப்பார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் படிக்கச் சொல்லி உயிரை எடுத்திருக்கிறேன். நான் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் என் தலையைக் கண்டாலே கேட்டைச் சாத்திவிடுவார்.

அக்கா மகளுக்கு அதைக் கொடுத்தது மட்டும் வெறும் ஆசையால் அல்ல. பள்ளிபாளையத்தில் இருந்தவளை ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நீ சொன்னாக் கேப்பா. எப்படியாச்சும் அங்கயே இருக்க வெய்யி" என்றாள் அக்கா.

கதையில் வரும் பெண்ணும் முதலில் அழுவாள். கடைசியில் வாசலைத் திறந்துவிட்டாலும் போகமாட்டாள். இதைவிட நல்ல மருந்து எங்கே கிடைக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கிடாவிருந்து தோற்றுவிடும். மரத்துக்கு மரம் பாய், தூக்குப்போசி நிறையக் கோழிக்குழம்பு. மீசை முளைத்த பிள்ளைக்கும் அம்மா ஊட்டிவிடுவாள். விடுதிக்குள் போன் கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு அன்றுதான் போன். அக்கா மகள் என் போனில் கதையைப் படித்துக்கொண்டே அக்காவுக்கு வாயை மட்டும் திறந்தாள்.

"புள்ளயப் பாக்க வந்தமா, போனப் பாக்க வந்தமா?" என்று அக்கா பொருமினாள். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையை முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாருக்குதுங்க சித்தி."

"பாத்தியா, போகச் சொல்லியும் அவ அங்கயே இருந்துக்கிட்டா."

"அவளுக்குப் போறதுக்கு ஊடு இல்லீங்களே சித்தி. அதான் இருந்துக்கிட்டா." அவள் குரல் உயரவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. "எனக்கு ஊடு இருக்குதுல்லங்க?"

எத்தனையோ முறை படித்த கதை. இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா பிசைந்த சோற்றை உருட்டி மகள் வாயில் வைத்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தின்னு முடிச்சுட்டுப் பொட்டிய எடுத்துக்கிட்டு வா சாமி" என்றாள்.