சத்தம் கொடுக்காமல் ஏறிய நாள்

கூரையில் ஏறுமுன் பிரதீஸ் அண்ணன் மூன்று முறை சத்தம் கொடுப்பார்.

"கூரையில ஆளு! கூரையில ஆளு! பின்பக்கம் பாத்துக்கங்க!"

வெள்ளவத்தையில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் வீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பவை. ஒரு கூரையில் நின்றால் நான்கு வீடுகளின் பின்முற்றம் தெரியும். தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட உடுப்பு, குளிக்கிறவர்கள், எல்லாம் தெரியும். அவருடைய சத்தம் கேட்டதும் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் ஏணியில் கால் வைப்பார். முதன்முதல் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பத்மாவதி அன்ரி, "மீன்காரன் எண்டு நினைச்சுச் சட்டியோட ஓடி வந்தனான்" என்று சொல்ல, "என்னைய வெட்டினா முள்ளுதாங்கம்மா மிஞ்சும்" என்றாராம்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது, கூரை ஒழுக்குத் திருத்துவதுதான் தொழில். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் மனைவி சாமினியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஆணி அடித்த வரிசையில் மட்டும் நடப்பார். அதன் கீழேதான் தாங்குகிற மரச் சட்டம் இருக்கிறது, வேறு எங்கே மிதித்தாலும் அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்து ஆள் கீழே விழலாம். அவரிடம் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு வீட்டார் அடுத்த வீட்டாருக்கு "நல்ல பிள்ளை, நம்பி வீட்டுக்குள்ள விடலாம்" என்று சொல்வார்கள். ஏழு வருடமாக அவர் சாப்பிட்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.

போன நவம்பர் புயலில் தென்னை மட்டையோடு குலையும் விழுந்து எங்கள் கூரையில் இரண்டு சீற் உடைந்தது. ஒழுங்கையில் பதினொரு வீட்டில் ஒழுக்கு. எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அது சனிக்கிழமை காலை. அதே நேரத்தில் என் அக்காவைப் பார்க்க மெல்பேர்னிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் வருவதாக இருந்தது. மத்தியானம் மழை என்று சொல்லியிருந்ததால் கூரை வேலையையும் தள்ளிவைக்க முடியவில்லை. அம்மா பின்கதவால் வந்து மெதுவாகச் சொன்னா.

"தம்பி, இண்டைக்குக் கத்தாதையும். உள்ளுக்கு முக்கியமான கோல் ஒண்டு."

"சத்தம் குடுக்காம ஏறுறது இல்லீங்களே அக்கா."

"நான் பத்மாவதி அக்காவுக்குச் சொல்லிட்டன். நீர் ஏறும்."

அம்மா சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அன்ரி ஏன் என்று கேட்பா, பிறகு மாப்பிள்ளைப் பேச்சு வெளியே வந்துவிடும். கலியாணம் சரிவருமுன் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் சட்டம் மாதிரி. பத்து நிமிட வேலை, ஒன்றும் நடக்காது என்று அம்மா நினைத்துவிட்டா. நான் பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன்.

அவர் ஏறினார். பத்மாவதி அன்ரியின் மருமகள் உஷாந்தி அக்கா குறுக்குக் கட்டோடு தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தா. முதலில் அவவின் அலறல் கேட்டது. பிறகு அன்ரியின் குரல்.

"எட, குளிக்கிற இடத்தை எட்டிப் பாக்கிறியோ? உதுக்குத்தான் சத்தமில்லாமல் ஏறினனியோ?"

அவர் எங்கள் முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றார். "அம்மா, இந்த வீட்டு அக்காகிட்ட கேளுங்க. அவங்கதான்..."

அம்மா பின்கதவில் நின்றா. முன்னறையில் மெல்பேர்ன் ஆட்கள் போனுக்குள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கென்ன தெரியும் அக்கா? வழமையாக் கூப்பிட்டுட்டுத்தானே ஏறுறவர்."

அவர் அம்மாவைப் பார்த்தார். குனிந்து சீற் இரண்டையும் மாற்றிக் கடைசி ஆணிவரை முடுக்கினார். இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, "இனி ஒழுகாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்தது. பத்மாவதி அன்ரி முற்றத்திலிருந்து எடுத்தது. "இந்த ஆளை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம்." கீழே ஒருவர், "கொட்டாஞ்சேனை ஆக்களை நம்பேலாது" என்று எழுதினார். மற்றப் பத்து வீட்டாரும் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவர் அப்பாவிடம் வந்தார். கேற்றுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஐயா, நீங்க குரூப்ல ஒரு வரி போட்டா போதும். சத்தம் வேணாம்னு நாங்கதான் சொன்னோம்னு."

"பார்ப்பம் தம்பி. சூடு கொஞ்சம் ஆறட்டும்."

சூடு ஆறியது. அப்பா எழுதவில்லை. மெல்பேர்ன் பேச்சும் அக்காவுக்கு உயரம் காணாது என்று நின்றுபோனது. இனியாவது சொல்லலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். "குழம்பின கலியாணத்தையும் சேர்த்து ஊருக்குச் சொல்லச் சொல்லுறியோ?" என்றா.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் உஷாந்தி அக்காவைக் கண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும். அவர் என்னைக் கண்ட உடனேயே மற்றப் பக்கம் திரும்பிட்டார்."

"அப்ப நீங்கள் சொல்லலாமே அக்கா?"

"நான் அவருக்காகக் கதைச்சா, உனக்கேன் அவனில அவ்வளவு அக்கறை எண்டு மாமி கேப்பா. இவரும் கேப்பார். நீர் சின்னப் பிள்ளை, உமக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது. அதுதான் கோபமாக இருந்தது. அடுத்த ஞாயிறு 155 பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

பிரதீஸ் அண்ணன் இப்போது ஒருகொடவத்தையில் கொண்டெய்னரில் மூட்டை இறக்குகிறார். தோளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உஷாந்தி அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒரு குற்றமும் இல்லை என்று அவவுக்கே தெரியும் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"குரூப்ல போட்டீங்களா தங்கச்சி?"

"இல்லை அண்ணன்."

அப்பாவின் போன் இரவு பகலாக மேசையில்தான் கிடக்கும். திறக்கிற இலக்கமும் எனக்குத் தெரியும்.

"அப்ப எனக்கு எதுக்கு இத சொல்றீங்க? நான் பாக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அறைக்குள் பிள்ளைகள் ரீவி பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"ஏணிய போன கெழம வித்துட்டேன். இனி போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

சாமினி அக்கா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. நான் யாருடைய மகள் என்று அவவுக்குத் தெரியும். சீனி போடவா என்று கேட்டா. போடுங்கள் என்றேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் குடித்து முடித்தேன்.