மார்செய்ப் பட்டினத்தில் எங்கே சாப்பிடலாம்

மார்செய்ப் பட்டினத்தில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம், எங்கே நன்றாகக் குடிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன். பழைய துறைமுகத்தில் இறங்கி, மீன் விற்கும் பெண்களின் கூச்சலை இடப்பக்கம் விட்டு, ஏற்றமான முதல் ஒழுங்கையில் திரும்ப வேண்டும். பச்சைக் கதவு போட்ட மூன்றாவது வீடு. மத்தியானத்தில் அங்கே மீன்சாறு கிடைக்கும். வெள்ளிக்கிழமையென்றால் முந்திப் போக வேண்டும். குடிக்க விருப்பமானவர்கள் அடுத்த மூலைக் கடைக்குப் போகலாம். அங்கே தரும் சாராயம் பெருஞ்சீரகம் மணக்கும். தண்ணீர் விட்டால் பாலாய் வெளுக்கும். இவ்வளவும் சொல்கிற நான் பிரான்சு தேசத்தைக் கண்டதில்லை. கப்பலே ஏறியதில்லை. என்னிடம் இருப்பது ஓர் அப்பியாசக் கொப்பி. பதினெட்டு வயதில், புகையிலைத் தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து, பென்சில் முனை உடைய உடைய எழுதியது. சொன்னவர் பண்டாரி.

பண்டாரி என்றால் கப்பலில் சமைப்பவன். எங்கள் கரவெட்டியில் அவருக்கு அது பட்டப்பெயராகவே நின்றுவிட்டது. அதில் மதிப்புப் பாதி, நக்கல் பாதி, நக்கல்தான் கொஞ்சம் கூட. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் வளவில் வேலை செய்த குடும்பம். முற்றம் வரைக்கும் வருவார்கள், படி ஏறமாட்டார்கள். எங்கள் கிணற்றைத் தொடமாட்டார்கள், கோயிலுக்குள் வரமாட்டார்கள். வரமாட்டார்கள் என்று எழுதுவது எங்கள் வழக்கம். விடமாட்டோம் என்று எழுதுவதுதான் நேர்மை. இருபது வயதில் அவர் ஊரை விட்டோடிக் கொழும்புத் துறைமுகத்தில் கரி சுமந்து, ஒரு பிரெஞ்சுக் கப்பலின் குசினியில் நுழைந்துவிட்டார். கப்பல் இல்லாத மாதங்களில் மார்செயில்தான் இருப்பு. தாய் படுத்த படுக்கையானாள் என்று கேள்விப்பட்டுத் திரும்பியபோது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வந்தவர் மறுபடி எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார்.

நான் அப்போது யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்து, விடுமுறைக்கு வந்திருந்தேன். சமபோசனம் என்ற சொல் எங்களைக் காய்ச்சல்போலப் பிடித்திருந்த காலம். எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும். அதைப்பற்றி நாங்கள் பேசாத கூட்டமில்லை. அந்தச் சூட்டோடு ஊருக்கு வந்த எனக்கு, உலகத்தைப் பார்த்த ஒரு மனிதர் எங்கள் தோட்டத்திலேயே மண்வெட்டியோடு நிற்கிறார் என்பது தாங்க முடியாத அதிசயமாக இருந்தது. அவர் பாத்தி மாறி மாறி நகர, நானும் கொப்பியோடு வரம்பு மாறி மாறிப் பின்னால் போனேன்.

"மீன்சாறு எப்பிடியெண்டால் நயினார், எங்கடை கூழ் மாதிரித்தான். ஒரு மீனிலை ருசி வராது. கல்லு மீன், முள்ளு மீன், நண்டு எல்லாம் ஒரு பானையிலை விழவேணும். பனை ஒடியல்மா மட்டும் அங்கை இல்லை. அதுக்குப் பதிலாய்ச் சுட்ட பாண்துண்டிலை உள்ளிப்பூண்டைத் தேய்ச்சுத் தருவினம். முதல் சாறு, பிறகுதான் மீன். ரெண்டையும் ஒண்டாய்க் கேட்டால் சிரிப்பாங்கள்."

கிணற்றுத் துலாவில் நின்று மிதித்த எங்கள் உறவுக்காரர் மேலேயிருந்து கத்துவார்: "டேய் பண்டாரி, எந்த நேரமும் மீன்தானோ? அங்கத்தைப் பெட்டையளைப் பற்றியும் ஒருக்கால் சொல்லன்ரா!"

"வேண்டாம் நயினார், கேட்டால் துலாவாலை விழுந்திடுவியள்."

தோட்டமே சிரிக்கும். எனக்கு மட்டும் அந்த 'நயினார்' உறுத்தியது. "அண்ணை, என்னைத் தம்பி எண்டு கூப்பிடுங்கோ" என்றேன் ஒருநாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பெரிய நயினார் கேட்டால் என்ரை முதுகிலை தோல் மிஞ்சாது." "அப்பா இல்லாத நேரம் கூப்பிடுங்கோ" என்றேன். அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. பெரிய புரட்சி ஒன்றைச் செய்துமுடித்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

கொப்பி நிறைந்தது. கடலைமாவைக் களிபோலக் கிண்டி, ஆறவிட்டு, வெட்டிப் பொரிக்கும் தெருக்கடை. கடல்முள்ளியை உடைத்துப் பாண்துண்டால் வழித்துத் தின்னும் இடம். பச்சைக் கதவுக் கடையை நடத்திய விதவை. முதல்நாள் அங்கே போனபோது பழக்கதோஷத்தில் சுவரோரமாக ஒதுங்கி நின்றாராம். அந்த மதாம் வந்து தோளைப் பிடித்து அமுக்கிக் கதிரையில் இருத்தினாளாம். நின்றுகொண்டு சாப்பிட்டால் சாறு ஆறிப்போகுமாம். "அங்கையும் எல்லாம் தங்கமில்லைத் தம்பி. றோட்டிலை என்னைப் பாத்துக் காறித் துப்பினவங்களும் இருக்கிறாங்கள். கப்பலிலை நாயின்ரை பேர்தான் எனக்கு. ஆனால் அந்தக் கடையிலை, கதிரையெண்டால் கதிரைதான்." சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "யாழ்ப்பாணத்திலை எந்தக் கடைத் தேத்தண்ணி நல்லது தம்பி? திரும்பக் கப்பலேற முந்தி எங்கடை நாட்டிலை ஒருக்கால் உள்ளுக்கை இருந்து குடிச்சுப் பாக்க வேணும்."

"நான் கூட்டிக்கொண்டு போறன்."

"ஆரெண்டு கேட்டால்?"

"பட்டினத்திலை ஆருக்கு எங்களைத் தெரியும்? கேட்டால் என்ரை அண்ணை எண்டு சொல்லுறன்."

அடுத்த கிழமை போனோம். பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் பின்னால் நின்றுகொண்டுதான் வந்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் ஒரு மதில் மறைவுக்குப் போய், கடதாசியில் சுற்றி வைத்திருந்த சட்டையையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கே ஒருகணம் அடையாளம் தெரியவில்லை. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்ததுபோல் இருந்தார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த நல்ல கடைக்குள் நுழைந்தோம். "வாருங்கோ ஐயா, இருங்கோ" என்றார் கடைக்காரர், பண்டாரியைப் பார்த்து. அவர் கதிரையில் இருந்தார். உழுந்து வடையும் சம்பலும் வந்தன. கண்ணாடிக் கிளாசில் பால் தேத்தண்ணீர் வந்தது. ஒரு மிடறு குடித்து, நாக்கில் வைத்து, சமையல்காரனுக்கே உரிய கவனத்தோடு சொன்னார்: "நல்லாயிருக்கு. சாயம்தான் கொஞ்சம் கூட." அந்த முகத்தில் அவ்வளவு நிறைவை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கிளாஸ் பாதியில் இருந்தபோது கடைக்காரர் எங்கள் மேசைக்கு வந்தார். கோபத்தோடு அல்ல, வாஞ்சையோடு. "தம்பி, கரவெட்டிப் புகையிலைக் கமக்காரன்ரை மோன் எல்லே? முகம் அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு."

"ஓம்."

"ஐயா ஆர்? உங்கடை சொந்தமோ?"

பண்டாரி என்னைப் பார்த்தார். கெஞ்சலாக அல்ல, அவசரமாகவும் அல்ல. நான் சொல்லப்போவது இன்னதென்று தெரிந்தவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு சொல் போதும். விடுமுறை முழுவதும் நான் வாய் நிறையச் சொல்லிவந்த சொல்தான். நான் சொன்னேன்: "இல்லை, எங்கடை வளவு ஆள்."

யாழ்ப்பாணத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அப்பாவின் காதுக்குப் போகும், படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் சொன்னேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கும் முந்தி வேறொன்று நடந்தது. 'உங்கடை சொந்தமோ' என்று கேட்டவுடன் என் உடம்பு கூசியது. அவரை என் இரத்தம் என்று ஒருவர் நினைத்துவிட்டாரே என்ற கூச்சம். கூட்டங்களில் கைதட்டு வாங்கிய வாயை முந்திக்கொண்டு அந்தக் கூச்சம் பதில் சொல்லிவிட்டது.

கடைக்காரர் சத்தம் போடவில்லை. "தம்பி படிச்ச பிள்ளை, இப்பிடிச் செய்யலாமோ?" என்று என்னிடம்தான் கேட்டார். பண்டாரியின் கிளாசை இரண்டு விரலால் தூக்கி, மிச்சத்தைக் கழிவுக் கானுக்குள் ஊற்றி, கிளாசைக் குப்பை வாளிக்குள் போட்டார். "அவனைப் பின்பக்கம் போகச் சொல்லுங்கோ. போத்திலிலை குடுக்கிறன்." ஒரு நிமிடத்துக்கு முன்வரை அவர் ஐயா.

பண்டாரி எழுந்தார். கதிரையைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பின்கதவால் போனார். கழுத்து வெட்டிய சோடாப் போத்தில் ஒன்று வேலிக் கட்டையில் கயிற்றில் தொங்கியது. அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். நின்றபடி முழுவதையும் குடித்தார், கழுவினார், இருந்த இடத்திலேயே தொங்கவிட்டார். நான் எழுந்து போகவில்லை. என் தேத்தண்ணீர் எனக்கு முன்னால் இருந்தது. அதைக் குடித்தேன். வடையையும் தின்றேன்.

பஸ்ஸுக்குப் போகுமுன் அதே மதில் மறைவில் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வந்தார். உலகத்தில் வேறு சொல்லே இல்லாதவன்போல், "தேத்தண்ணி எப்பிடி அண்ணை?" என்று கேட்டேன்.

"போத்திலிலையும் அதே தேத்தண்ணிதான், நயினார்" என்றார்.

நான்கு நாள் நித்திரையில்லை. ஐந்தாம் நாள் அவருடைய குடிசைக்குப் போனேன். செய்த பிழைக்கு ஈடு செய்யும் வழியையும் நானே கண்டுபிடித்திருந்தேன்: அவர் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த தாய் என்னைக் கண்டு பதறி எழும்பப் பார்த்தாள். நான் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். அவர் அகப்பையை வைத்தார்.

"எழும்புங்கோ நயினார்."

"நான் சாப்பிடத்தான் வந்தனான்."

"நீங்கள் இஞ்சை இருந்து சாப்பிட்டால் உங்கடை பள்ளிக்கூடத்திலை கை தட்டுவினம். எங்கடை கூரையிலை நெருப்பு வைப்பினம்." குரல் உயரவில்லை. "பசிச்சால் வீட்டை போங்கோ. அங்கை சோறு இருக்கும்."

எழுந்து வந்தேன். படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் தாயைத் தூக்கி இருத்தி, ஊதி ஊதிக் கூழ் பருக்கிக்கொண்டிருந்தார். மாரிமழையோடு அந்தக் கிழவி போய்விட்டாள். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு பண்டாரியும் திரும்பக் கப்பலேறிவிட்டார். இப்போது ஐரோப்பாவில் யுத்தம். மார்செய் என்ற பெயர் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கதவை நினைக்கிறேன். கதவு இருக்கிறதோ, அவர் இருக்கிறாரோ, தெரியாது.

ஆனால் அடுத்த தவணை நடந்தது நன்றாகத் தெரியும். கல்லூரி விவாதத்தில் சமபோசனத்துக்காகப் பேசினேன். மார்செயின் மீன்சாறு, தோளைப் பிடித்து இருத்திய மதாம், கதிரையெண்டால் கதிரைதான் என்ற வாக்கியம், ஒன்றையும் விடவில்லை. சந்தைத் தெருக் கடையை மட்டும் விட்டேன். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். முதற்பரிசு எனக்கு.

இன்று அதே தெருவுக்குப் பக்கத்தில்தான் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கே நல்ல தேத்தண்ணீர் கிடைக்கும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால் அந்தக் கடையைத்தான் சொல்கிறேன்; பொய் சொல்ல முடியாது, அதைவிட நல்லது வேறில்லை. நானும் நாள்தோறும் பின்னேரம் போகிறேன். கடைக்காரர் "வாருங்கோ மாஸ்ரர்" என்பார். கேட்காமலே சாயம் குறைத்துப் போடுவார். பின்கதவுக்கு முதுகு காட்டியபடி ஒரு கதிரை இருக்கிறது; அதில் இருந்தால் வேலிக் கட்டைப் போத்தில் கண்ணில் படாது. அதில்தான் இருப்பேன். வேறு யாராவது அதில் இருந்தால், அவர் குடித்து முடித்து எழும்பும்வரை நின்று காத்திருப்பேன்.