அவர் மட்டும் கேட்ட பாட்டு

என் கணவர் காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணுவார். சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகப்படுகிற ஒரு இங்கிலீஷ் பாட்டைக் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எது நிஜமான அவர் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. போன ஆவணியில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சும்மா பிடித்துக்கொள்ளவில்லை, காரணம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதிப் பக்கம் எங்கள் ஃப்ளாட். ஹாலின் மூலையில் மர அலமாரி மாதிரி ஒரு சின்னச் சன்னதி. எங்களவர்கள் அதைக் கோயிலாழ்வார் என்போம். அதற்குள்ளே என் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து வருகிற சாளக்கிராமம். ஒரு வீட்டில் சாளக்கிராமம் இருந்தால் அவரைப் பட்டினி போடக்கூடாது. தினமும் நீராட்டி, துளசி சாத்தி, அன்னத்தைக் காட்டியாக வேண்டும். பெண்கள் அவரைத் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. விளக்கேற்றுவதும், தளிகை, அதாவது சமையல், பண்ணித் தருவதும்தான் என் வேலை.

இவர் போனபின் திருவாராதனம் இவர் தம்பி தலையில் விழுந்தது. கீழச் சித்திரை வீதியிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டரில் வருவார். அவருக்கும் வயசு அறுபதை நெருங்கியாச்சு, முட்டி வலி வேறு. எங்கள் மாடியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு “ரங்கா” சொல்லித்தான் ஏறுவார். தை பிறந்த பிறகு ஒருநாள், தீர்த்தம் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மன்னி, தப்பா எடுத்துக்காதீங்கோ. பெருமாளை எங்காத்துக்கு எழுந்தருளப் பண்ணிண்டு போயிடட்டுமா? அங்க எம் பிள்ளையும் இருக்கான், ஒருநாள் விட்டுப் போகாது. நீங்களும் பொண்ணாத்துக்குப் போகணும்னா போகலாம், வரணும்னா வரலாம். கட்டுப்பட்டுண்டு கிடக்க வேண்டாம்.”

நியாயமான பேச்சு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மச்சினர் கிளம்பிப் போனபின் யோசிக்க உட்கார்ந்தால், யோசிக்க எனக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

ஏனென்றால் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். நம்பிக்கை போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரிய துக்கம் ஏதாவது நடந்து போயிற்றா என்றால், அதுவும் இல்லை. ஒரு மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே யாரும் இல்லை என்று சட்டென்று தோன்றிற்று. கோலத்தை முடித்தேன், எழுந்து வந்தேன், விளக்கேற்றினேன். மறுநாளும் ஏற்றினேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர் மனசு நோகக்கூடாதே என்று ஏற்றினேன். தாயார் சன்னதியில் அவர் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, மத்தியானத்துக்குச் சாத்தமுதா குழம்பா என்று யோசித்திருக்கிறேன்.

ஆகவே கணக்கு எனக்கு இப்படித் தெரிந்தது. அவர் மெய்யாகவே நம்பியிருந்தால் பெருமாள் இங்கேயே இருக்கட்டும். உடம்பில் தெம்பு உள்ளவரை அவர் பேரைச் சொல்லித் தளிகை பண்ணிவிடுகிறேன். அவரும் அப்பாவுக்காகவும் ஊருக்காகவும்தான் பண்ணினார் என்றால், தம்பி எடுத்துக்கொண்டு போகட்டும். நம்பாதவர்கள் இரண்டு பேர் குடித்தனம் பண்ணிய வீட்டில் பெருமாள் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? எது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள என்னிடம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

அதுவரை நான் அதை முழுசாகக் கேட்டதே இல்லை. ஹெட்போனுக்கு வெளியே கசிகிற டிக்டிக் சத்தமும், கடவுளைச் சந்தேகப்படுகிற பாட்டு என்பதும் மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் செல்போனில் தேடி எடுத்து, சத்தமாக வைத்துக் கேட்டேன். எண்பதுகளில் வந்த பாட்டு. கீபோர்டும் மெஷினில் அடிக்கிற டிரம்மும்தான், வேறு வாத்தியமே இல்லை. பாடுகிறவன் கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி பாடுகிறான். தினமும் முழங்காலிடுகிறேன், தினமும் அதே வார்த்தைகளைச் சொல்கிறேன், எதிர்ப்பக்கம் யாரும் போனை எடுக்கிற மாதிரி தெரியவில்லை, நாளைக்கும் வருவேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, முடிக்காமல் அப்படியே தேய்ந்து போகிறது. கேட்டு முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்று உண்டென்று சொல், இல்லை கிடையாதென்று சொல். இதென்ன இழவு, நடுவில் நின்றுகொண்டு!

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். உலகமே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஐசியூவில் இருந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டேன், என் பிரார்த்தனையே இதுதான் என்று ஒரு பெண். இதைக் கேட்ட பிறகுதான் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினேன், மூச்சு விட முடிந்தது என்று ஒருவன். இது சைத்தான் வேலை, பிள்ளைகளிடம் காட்டாதீர்கள் என்று இன்னொருவர். பாட்டு பரவாயில்லை, டிரம் கொஞ்சம் ஓவர் என்று ஒரு புண்ணியவான். அவன் ஒருத்தன்தான் உருப்படியாகப் பேசினான். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கதையைச் சொன்னார்களே தவிர, என் வீட்டுக் கதைக்கு அங்கே பதில் இல்லை.

மறுநாள் காலை மச்சினர் திருவாராதனம் முடித்துக் காபி குடிக்கும்போது போட்டுக் காட்டினேன். பாதியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நிறுத்துங்கோ மன்னி. பெருமாள் சன்னதியில போடற பாட்டா இது? நாஸ்திகம்.”

“உங்கண்ணா தினம் கேட்டுண்டிருந்தார்.”

“அண்ணாவா? இருக்காது. மெட்டுக்காகக் கேட்டிருப்பார். அண்ணா பெருமாளை எழுந்தருளப் பண்ற அழகைப் பாத்தவா இப்படிக் கேக்க மாட்டா.” காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் இறங்கிப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

புனேவில் இருக்கிற என் பெண்ணிடம் போனில் கேட்டேன். அவளுக்கு அந்தப் பாட்டு சின்ன வயதிலேயே தெரியுமாம். அப்பாவும் பெண்ணும் ஸ்கூட்டரில் போகும்போது சேர்ந்து பாடுவார்களாம். எனக்கு இதுவே புதுச் செய்தி.

“அம்மா, அப்பாவுக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதும்மா. எல்லாம் உனக்காகத்தான். நீ கஷ்டப்படுவேன்னு பண்ணிண்டிருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டா தெரியலையா? யாருமே இல்லேங்கறதுதானே அது.”

“உங்கிட்டச் சொன்னாரா?”

“சொல்லணுமா என்ன? பாட்டே சொல்றதே.”

அவளுக்கு மீட்டிங் இருந்தது, வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காக அவர் பண்ணினார் என்றால், அவருக்காக நான் பண்ணினேன் என்றால், இத்தனை வருஷம் இந்த வீட்டில் நடந்ததற்கு என்ன பேர்? சிரிப்பு வந்தது. சிரித்தேன்கூட. காலி வீட்டில் தனியாகச் சிரித்தால் அந்தச் சத்தம் நன்றாக இருப்பதில்லை. டிவியைப் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரே ஒருவர்தான் பாக்கி. அந்தப் பாட்டை இவருக்கு முதன்முதலில் கேசட்டில் பதிந்து கொடுத்த காலேஜ் சிநேகிதர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னூரில் இருக்கிறார், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். மாதத்துக்கு ஒருநாள் இவர் அங்கே போய்விடுவார். நான் கூடப் போனதில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். காவிரியில் தண்ணீர் இல்லை, மணல்தான் தெரிந்தது. இவர் இல்லாமல் பாலம் தாண்டுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருந்தேன், ஒரு அம்மாள் வந்து “யாராவது வராங்களா?” என்று கேட்டபோது, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“வாங்க மாமி, உட்காருங்க” என்று சிநேகிதர் எழுந்து நின்றே வரவேற்றார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பாட்டைச் சொன்னேன், பெருமாள் விஷயத்தைச் சொன்னேன், மச்சினர் கேட்டதைச் சொன்னேன்.

அவர் முகம் சுளித்தார். “எனக்கு அந்தப் பாட்டு ஆகாது மாமி. ஜெபம் பண்றவனைக் கேலி பண்ணுது. எங்க அப்பா கேட்டா தோலை உரிச்சுடுவார்னுதான் கேசட்டை அவன்கிட்டத் தள்ளிவிட்டேன். நாப்பது வருஷமா அதுக்குச் சண்டை. அவன் என்னடான்னா, ‘கேலி இல்லடா, நாளைக்கும் வரேங்கறான் பாரு, அதைக் கேளு’ம்பான். எவனும் எடுக்கலன்னா அப்புறம் எதுக்குடா வரான் முட்டாள்னு நான் கத்துவேன்.”

“அவருக்கு நம்பிக்கை இருந்துதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார்.

“இதைச் சொல்லலாமான்னு தெரியல மாமி. போன வருஷம் பொங்கலுக்கு அப்புறம் இதே இடத்துல உட்கார்ந்து பேசினான். நானும் நீங்க கேட்ட மாதிரிதான் கேட்டேன். உனக்கு நம்பிக்கை இருக்கா, இல்ல சும்மா பழக்கமான்னு.” அதற்குப் பிறகு என் கணவர் பேசியதை, என் கணவர் பாஷையிலேயே சொன்னார். “‘எம் பொண்டாட்டிக்கு நம்பிக்கை கிடையாதுடா. ரொம்ப நாளா நேக்குத் தெரியும். சேவிக்கறச்ச அவ முகத்தைப் பாத்தாலே தெரியறது. இருந்தும் ஒருநாள் விடாம விளக்கேத்தறா, எனக்காக. யாருமே இல்லேன்னு நெனைக்கறவ தினம் வந்து நிக்கறாளே, அதைப் பாக்கறச்சதான் யாரோ இருக்கார்னு தோணறது. நேக்கு நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்தா, அது அவ்வளவுதான்’னான்.”

காபியைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அவர் ஆட்டோ வரை வந்து, “தப்பா ஏதும் சொல்லிட்டேனா மாமி?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

துக்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஆத்திரம். அடப்பாவி மனுஷா, தெரிந்து வைத்துக்கொண்டா இருந்தீர்கள்? ரொம்ப நாளாகவா? நானாவது உங்கள் மனசு உடைந்துவிடும் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். உங்களுக்கு என்ன வந்தது? தென்னூர்வரை போய் அவரிடம் சொல்லத் தெரிந்தது, அடுக்களைக்கு வந்து என்னிடம் சொல்லத் தெரியவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பால்கனியில் இன்னொரு நாற்காலி போட்டிருப்பேனே. எனக்கும் அந்த ஹெட்போனில் ஒரு காது கொடுத்திருக்கலாமே. பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றும் நேரமாயிற்று. ஏற்றினேன். அவர் உட்காருகிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து என்னைத் தெரிந்துகொள்கிற ஆள் ஒருத்தர் இருந்தார் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது. தெரிந்தபோது அந்த ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

காலையில் மச்சினர் வந்தார். திருவாராதனம் முடித்தார். தீர்த்தம் கொடுத்துவிட்டு, “யோசிச்சேளா மன்னி?” என்றார்.

“யோசிச்சுட்டேன். பெருமாள் இங்கயே இருக்கட்டும்.”

“எதுக்குச் சொல்றேன்னா, உங்களுக்குத்தான் சிரமம். தளிகை விட்டுப் போகக்கூடாது…”

“விட்டுப் போகாது. உங்களால தினம் வர முடியலேன்னா பிள்ளையை அனுப்புங்கோ. இன்னொண்ணும் சொல்லிடறேன். நேக்கு நம்பிக்கை கிடையாது. ரொம்ப வருஷமாவே கிடையாது.”

அவர் கையிலிருந்த தீர்த்தப் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பாட்டுக்கே அந்தக் கோபம் கோபித்தவர்.

“நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு மன்னி?” என்றார், மெதுவாக.

“இத்தனை நாள் எதுக்குப் பண்ணினேனோ அதுக்குத்தான்.”

அவர் பாத்திரத்தைக் கோயிலாழ்வாரில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, “சரி மன்னி. நாளைக்கு வரேன்” என்றார். ஒவ்வொரு படிக்கும் ஒரு “ரங்கா” கேட்டது, பிறகு ஸ்கூட்டர் சத்தம்.

அத்தனை வருஷம் தொண்டையிலேயே நின்ற வார்த்தை. சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லாமல், அவர் தம்பியிடம் சொன்னேன்.