உறை பிரிக்காத இரண்டு சாவிகள்

மூன்று வருடத்துக்கு முந்திய டிசம்பர் மாதம் அது. கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, பழைய தோட்டம் ஒன்றைத் துண்டு துண்டாக விற்ற இடத்தில் பாமாயில் எடுக்கிற செம்பனை நிலம் எனக்கு இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதித் தர்றேன்" என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் கையால் செய்ததை என் கையால்தான் எழுத வேண்டும். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினோரு வயதில் மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். பதினாறு வயதில் குலை வெட்டினேன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னை மாடு என்றுதான் கூப்பிடுவார். அவர் மகன் பிற்காலத்தில் என்னிடமே வேலைக்கு வந்தான். லோரி ஓட்டினேன், குத்தகை எடுத்தேன், தோட்டத்தைக் கூறு போட்டபோது இருபத்திரண்டு ஏக்கர் வாங்கினேன். எந்தக் கட்சிக்காரன் வாசலிலும் போய் நின்றதில்லை. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

என் நிலத்தை ஒட்டி ஒரு பழைய லயம், தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். தோட்டம் போன பிறகும் போக்கிடம் இல்லாத ஏழெட்டுக் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. லயத்திலிருந்து வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பள்ளத்தில் போகும் தார் ரோடு. எல்லாரும் அதில்தான் போய் வருவார்கள். மற்றது மேட்டில் போகும் செம்மண் பாதை. அது என் நிலத்துக்குள் புகுந்து, மூன்று கிலோமீட்டர் ஓடி, பெரிய ரோட்டில் ஏறும்.

அந்தச் செம்மண் பாதையில்தான் திருட்டு நடந்தது. பெரிய ரோட்டில் ஆள் பார்ப்பார்கள் என்று லயத்துப் பக்கமாக வந்து, வெட்டி அடுக்கி வைத்த குலைகளை வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். சங்கிலி கட்டினேன், அறுத்தார்கள். பூட்டுப் போட்டேன், வெட்டினார்கள். பிறகு நானே இறங்கி ஒரு கேட்டு போட்டேன். லயத்துப் பக்கம் என் நிலம் தொடங்கும் முனையில், இரண்டு பக்கமும் ஆழமான தண்ணீர்க் கான் இருக்கும் இடமாகப் பார்த்து, வண்டி எதுவும் சுற்றிப் போக முடியாதபடி, தடித்த இரும்புக் குழாயில் கம்பம் நட்டேன். நாலடி ஆழம். குழாய்க்குள்ளும் சிமெண்டு, வெளியேயும் சிமெண்டு. குறுக்குக் குழாய் நெஞ்சுயரம் இருக்கும். பூட்டைத் தொங்க விட்டால்தானே வெட்டுவான்? இரும்புப் பெட்டி ஒன்றை வெல்டிங் செய்து அதற்குள் பூட்டை வைத்தேன். சாவியோடு ஒரு கை நுழையும், வெட்டுகிற கருவி நுழையாது. பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர் ஒருவர் அதை வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

லயத்தில் இருந்த ஒருவர் அந்தக் காலத்தில் என்னோடு குலை வெட்டியவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். நோயாளி என்று யாரும் சொல்ல முடியாத வாய் அந்த அம்மாவுக்கு. கேட்டு போட்டு முடித்த அன்றைக்கு இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள்.

"என்னண்ணே, உள்ள இருக்கிறது பழமா, தங்கமா?" என்றார் அந்த அம்மா. "கல்யாண மண்டபத்துக்குக்கூட இப்படி கேட்டு இல்லலா."

நான் சிரித்தேன். புருஷன்காரர் கம்பத்தை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அண்ணே, ஒரு சாவி நம்ம லயத்துல இருக்கட்டுமே. மழைக் காலத்துல பள்ளத்து ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும்."

"சாவிய குடுக்கிறதுக்கா தம்பி கேட்டு போட்டேன்? என் ஆளுங்களுக்கே குடுக்கல. ஒரு போன் போடு, பத்து நிமிஷத்துல நான் வந்து நிப்பேன். இருக்கேன்ல?"

அவர் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். "அதான் அண்ணன் இருக்கேங்கிறாரே, வாங்க" என்று அந்த அம்மாதான் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. கடலிலும் பெருக்கு. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் திரும்பி நிலத்தில் ஏறியது. நான் அப்போது புக்கிட் பெருந்துங்கில் மகள் வீட்டில் இருந்தேன், பேரனுக்குக் காது குத்து. முதல் நாளே, "அப்பா, அங்க தண்ணி ஏறுதாம்" என்று மருமகன் சொன்னார். என் நிலம் மேடு, அதைப் பார்த்துத்தானே வாங்கினேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். லயத்தைப் பற்றி யோசிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. அந்தத் தம்பிதான்.

"அண்ணே, பள்ளத்து ரோட்டுல நெஞ்சளவு தண்ணி. இவளுக்குப் போன முறையும் போக முடியல. இன்னைக்கும் போகலன்னா தாங்காது. காலெல்லாம் வீங்கிருச்சு, மூச்சு வாங்குது. தீயணைப்பு பொம்பா போட்டெல்லாம் ஆத்தோரத்துல ஆளுங்கள ஏத்துதாம், எப்ப வரும்னு சொல்லத் தெரியல. பக்கத்து வீட்டுல ஃபோர்வீல் வண்டி இருக்கு, மேட்டு வழியா போயிருவோம். கேட்டு மட்டும் தொறக்கணும்."

சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வடக்கு சிலாங்கூரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. முப்பது வருடம் லோரி ஓட்டியவன். பத்தாங் பெர்ஜுந்தைக்கு முன்னாலேயே போலீஸ் தடுப்பு. அதற்கு அப்பால் ரோடே இல்லை, பழுப்பு நிறத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் வண்டி உயரம், போய்விடும் என்றேன். விடவில்லை. என்னை யாரென்று தெரியுமா என்று மலாயில் கேட்டேன். போலீஸ்காரர் கோபப்படவில்லை, பெரியவரைக் கூப்பிடுகிற மரியாதையோடுதான் பேசினார். "எனக்குத் தெரியாது, பாச்சிக். தண்ணிக்கும் தெரியாது" என்றார். வண்டியைத் திருப்பினேன். எனக்குத் தெரிந்த தோட்டத்து வழிகள் இரண்டில் நுழைந்து பார்த்தேன். ஒன்றில் பாலம் முழுகிக் கிடந்தது. மற்றதில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே தடுப்புக்கே வந்து நின்றேன்.

பத்தரை மணிக்கு மறுபடியும் போன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

சொன்னேன். "நாங்களே ஒடைச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். என் கேட்டை உடைக்க அந்த நேரத்திலும் என்னிடம் உத்தரவு கேட்டார்.

"ஒடைங்க தம்பி, ஒடைங்க" என்றேன்.

கோடாலியின் பின்பக்கத்தால் அடித்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டி நசுங்கியதே தவிர பிளக்கவில்லை. கம்பத்தில் கயிறு கட்டி அந்தப் பழைய ஃபோர்வீலால் இழுத்திருக்கிறார்கள். செம்மண் சேற்றில் சக்கரம்தான் சுற்றியது. வெட்டும் மிஷின் ஒன்று இருந்ததாம். ஆனால் கரண்ட் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"முடியலண்ணே. ரொம்ப உறுதியா கட்டியிருக்கீங்க."

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குலை வெட்டுகிறவன் இன்னொருவன் வேலையைப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தடுப்பு ஓரத்தில் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டேன். அந்தப் பக்கம் யாராவது போகிறீர்களா, நான் வர வேண்டாம், இந்தச் சாவி மட்டும் போனால் போதும் என்றேன். எல்லாரும் இரக்கமாகப் பார்த்தார்கள். யாருக்கும் வழியில்லை. ஐம்பது வருடமாக என் காரியத்துக்காக ஒருவனிடமும் கையேந்தாதவன், அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்த மூன்றாவது போனில் பேசியது அந்த அம்மா. குரல் இழுத்து இழுத்து வந்தது.

"அண்ணே, உங்க கேட்டத் தாண்டியாச்சு. என்னத் தூக்கி அந்தப் பக்கம் எறக்கிட்டாங்க. இப்ப உங்க பழக்கொல தள்ளுற வண்டியில ஒக்காந்திருக்கேன்." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "நானும் ஒரு கொலதான். இன்னைக்கு ஏத்துறதுல என்னையும் சேத்துக்குங்க."

"பத்திரமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

கேட்டுக்கு உள்ளே என் தகரக் கொட்டகையில் ஒற்றைச் சக்கரக் கைவண்டிகள் இருக்கும். வெட்டிய குலைகளை மரத்தடியிலிருந்து பாதைக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்கானவை. அதில் உரச் சாக்கு விரித்து, அந்த அம்மாவை உட்கார வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மூன்று கிலோமீட்டர் சேற்றில் புருஷன் தள்ளியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கயிறு கட்டி இழுத்திருக்கிறார். ஃபோர்வீலில் கால் மணி நேரத்தில் போகிற தூரம், அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பெரிய ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அந்தச் சேற்றுக்குள் அதனால் வர முடியவில்லை.

தண்ணீர் வடிந்து ரோடு திறக்க ஒன்றரை நாள் ஆனது. நான் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அந்த அம்மாவின் முகத்தில் குழாய் மாட்டியிருந்தார்கள். கண் திறக்கவில்லை. நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, இருதயம் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த நாள் விடிந்ததும் அந்த அம்மா போய்விட்டார். அன்றைக்குக் காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

சாவு வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மன்னிச்சிரு தம்பி என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது வரைக்கும் முடிவு பண்ணியிருந்தேன். லயத்தில் இன்னும் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு லயத்துக்குள்ளும் ஏறி நின்ற தண்ணீரின் கோடு சுவரில் என் இடுப்புக்கு மேலே இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்று தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "அண்ணனுக்கு ஒரு வரக்காப்பி குடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டுவார் என்று வந்தவனுக்குக் காப்பி கொடுத்தால் அவன் எங்கிருந்து வாயைத் திறப்பான்? குடித்துவிட்டு வந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் நிலத்துக்குப் போனேன். அந்தக் கைவண்டி கொட்டகையில் அதன் இடத்தில் இருந்தது. கழுவி, மழைத் தண்ணீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்திருந்தார்கள், வேலை முடிந்ததும் நாங்கள் வைப்பது போலவே. உரச் சாக்கும் அலசி, காய்ந்து, மடிப்புக் கலையாமல் அதன் மேல் இருந்தது. எடுத்த பொருளைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

கேட்டை எடுத்துவிட்டேன். ஆள் கூப்பிட்டு, ஜெனரேட்டர் வைத்து, குறுக்குக் குழாயை அறுத்தோம். கம்பத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை. அறுத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. பழம் இப்போதும் களவு போகிறது. போகட்டும். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை. பாதையில் பார்த்தால் "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்கிறார், நானும் சாப்பிட்டேன் என்கிறேன்.

அந்தப் பூட்டு வாங்கியபோது கடைக்காரர் மூன்று சாவி கொடுத்தார். ஒன்று என்னிடம் இருந்தது. மற்ற இரண்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்றும் என் அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றுமில்லாமல் தொடங்கி இத்தனை சம்பாதித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், ஒருவர் வாய் திறந்து கேட்ட ஒரு சாவியைக் கொடுக்காதவன் என்பதை அந்த உறை எனக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.