ஒரு பிளேன்லோடு சட்டைகள்

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ‘லோடு’ என்பது தமிழ்ச்சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில், எங்கள் சந்தில் கண் விழிக்கும்போதே அந்தச் சத்தம்தான் காதில் விழும். “லோடு வந்துட்டுதுங்களா?” “லோடு ஏத்தியாச்சுங்க.” “அரை லோடுக்கெல்லாம் வண்டி வராதுங்க.” நூல் வந்தாலும் லோடு, துணி போனாலும் லோடு. வேஸ்ட் துணி மூட்டைகளோடு குட்டியானை வண்டி முனகிக்கொண்டு கிளம்பினாலும் லோடு. அதை இங்கிலீஷ் மிஸ் கரும்பலகையில் எழுதியபோது, எங்கள் வீட்டுப் பாத்திரத்தை யாரோ தங்களுடையது என்று எடுத்துப் போவதுபோல எனக்குக் கோபமே வந்தது.

மிஸ் அதோடு நிற்கவில்லை. கார்ட்லோடு, டிரக்லோடு, பஸ்லோடு, ஷிப்லோடு, பிளேன்லோடு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனார். வண்டி நிறைய எதுவும் இருந்தால் இப்படிச் சொல்லலாம், வண்டியே இல்லாமல் வெறுமனே ‘எக்கச்சக்கம்’ என்று சொல்லவும் இதையே சொல்லலாம் என்றார். “ஒரு டிரக்லோடு பொய்” என்று உதாரணம் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாக எழுதிவர வேண்டும்.

எனக்கு அந்த வரிசை ஏணிப்படிகள் போலத் தெரிந்தது. மாட்டுவண்டியில் தொடங்கி விமானத்தில் போய் முடிகிறது. எந்தப் படியில் நிற்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்களுக்குக் கப்பல் இருந்தது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுத்திருந்தார். அதுவரைக்கும் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சந்தின் கடைசியில் தகரக்கூரை போட்ட கட்டடம், பன்னிரண்டு மெஷின்கள். செக்கிங்கும் பேக்கிங்கும் அம்மா பொறுப்பு. ஏதோ ஒரு தூர தேசத்துக் குழந்தைகளுக்கான மஞ்சள் சட்டைகள், நெஞ்சில் ஒரு வாத்துப் படம். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். செக்கிங் டேபிளுக்கு அடியில், துண்டுத் துணிக் குவியலின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்த மஞ்சளில்தான் வினை வந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்டது எலுமிச்சம்பழ மஞ்சள், சாயப்பட்டறையிலிருந்து வந்ததோ சமையலுக்குப் போடும் மஞ்சள்தூள் நிறம். துணியைத் திருப்பி அனுப்பி, மறுபடி சாயம் போட்டு, மழையில் அது காய்ந்து வருவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. மெஷின்கள் நிற்காமல் ஓடின. மாமா சாப்பிட ஊட்டுக்கே வருவதில்லை என்று அம்மா அப்பாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

‘என் மாமா ஒரு ஷிப்லோடு சட்டைகள் அனுப்புகிறார்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அந்த அவசரத்திலும் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார்.

“ஷிப்லோடா! ஒரு கண்டெய்னர்ல பாதி வந்தாலே பெருசு கண்ணு. தூத்துக்குடி போயி, இன்னும் நாலு பேரு சரக்கோட ஒண்டிக்கிட்டுத்தான் கப்பலேறும்.”

சொன்னாரே தவிர, முகமெல்லாம் சிரிப்பு. டெய்லர்கள் எல்லாரும் கேட்கும்படி இன்னொரு தரம் படித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு போன் வந்தது. சந்தில் இறங்கி நடந்துகொண்டே பேசினார். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக எத்தனை தடவை நடந்தாரோ, உள்ளே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

“அக்கா, கப்பல்ல போனா நாள் தாண்டிருமாம். ஏர்ல அனுப்பச் சொல்றாங்க.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்தாள். “ஏர்லயா?”

“ஆமா. இல்லாட்டி சரக்கே வேண்டாங்கறாங்க.”

ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் நின்றது. டேபிளுக்கு அடியிலிருந்து நான் பாய்ந்து வெளியே வந்தேன்.

“மாமா, பிளேன்லயாங்க?”

அவர் குனிந்து என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்தார். “பிளேன்லதான் கண்ணு.”

மறுநாள் வகுப்பில் ‘ஷிப்’ என்பதை அடித்துவிட்டு ‘பிளேன்’ என்று எழுதிப் படித்தேன். மிஸ் ‘வெரி குட்’ சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நீயும் பிளேனில் போவாயா என்று கேட்டவர்களிடம், மாமா கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார், எனக்குப் பரீட்சை இருக்கிறது என்றேன். சாயங்காலம் கம்பெனிக்கு வந்து ஒவ்வொரு மெஷினாகப் போய் அந்தச் செய்தியைச் சொன்னேன். கொமரலிங்கத்திலிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த அக்கா, “கேள்விப்பட்டோம் கண்ணு” என்று சொல்லிவிட்டுக் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். இவர்களுக்கு ஏன் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அட்டைப்பெட்டிகள் நிரம்பின. மார்க்கர் பேனா ஒன்று கையில் கிடைத்தது. ஒரு பெட்டியின் மேல் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ‘பிளேன்லோடு’ என்று எழுதி, இறக்கை வைத்த ஒரு விமானமும் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு என் கையில் ஓர் அடி வைத்தாள். பெட்டிமேல் அவர்கள் சொன்னதைத் தவிர ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாதாம். மாமா வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உடு அக்கா. ஸ்பெல்லிங் சரியாத்தான் இருக்குது” என்றார். பிறகு சட்டைகளை வெளியே எடுத்து, அவரே வேறு பெட்டியில் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி வந்தது. விமானம் எங்கள் சந்துக்குள் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி என்றால் அதற்கொரு மிடுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது நசுங்கிய ஒரு பழைய லாரி. உள்ளே வெங்காய வாடை. மாமா லோடுமேன்களோடு சேர்ந்து தானும் பெட்டிகளைத் தூக்கினார். கடைசிப் பெட்டி ஏறியதும் பின்கதவைச் சாத்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர், “போலாங்களா?” என்று கேட்டபிறகுதான் கையை எடுத்தார்.

லாரி ரிவர்ஸிலேயே நகர்ந்து, மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது. டெய்லர்கள் வாசலில் நின்றார்கள். அம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய விஷயம் நடந்திருக்கிறது, எல்லாரும் இப்படி மரம்போல நிற்கிறார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. பள்ளியில் தட்டியதுபோலக் கை தட்டினேன். நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். மாமா திரும்பிப் பார்த்தார். அம்மாவிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவரும் தட்டினார். பிறகு கொமரலிங்கத்து அக்கா, பிறகு எல்லாரும்.

தைப்பொங்கலுக்குள் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஊத்துக்குளிப் பக்கம் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த இடமும் போனது. மாமா ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பெரியவர்கள் ஏதோ முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

படிப்பு முடிந்து நானும் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதமே மேனேஜர் ஒரு மெயிலைப் படித்துவிட்டு, “ஏர்ல கேக்கறாங்களே” என்று தலையில் கை வைத்தார். பிளேனில் போனால் நல்லதுதானே என்று பக்கத்து சீட்டு அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்தேவிட்டாள். லேட்டானால் பிளேன் வாடகை தைத்துக் கொடுத்தவர் தலையில்தான் விழும், சின்ன ஆளாக இருந்தால் அந்த ஒரு தடவையோடு எழுந்திருக்கவே முடியாது என்று, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

அன்று நேராக மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “அன்னிக்கு ஏனுங் மாமா கை தட்டுனீங்க?” என்று கேட்டேன்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“நீ ஒருத்தியா தட்டிக்கிட்டு நின்னே கண்ணு. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார்.