படம் தெரியாத ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த வரிசை வீடுகளில் அவள் பெயர் டிவியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் பிஸ்கட் கம்பெனியின் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. வேலையிலிருந்து நின்றதோடு அதுவும் போயிற்று. இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நிலைக்காமல் என்ன செய்யும்? எண்பதுகளின் தொடக்கத்தில், லாரி ஓட்டிய அவள் புருஷன் வெளியூர் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, முன்சீட்டில் போர்வை சுற்றி ஒரு டிவியைக் கொண்டுவந்தான். நாலு கால், இழுத்து மூடுகிற மரக்கதவு, வலது பக்கம் திருகுகிற குமிழ்கள். புதுப்பெண்ணை வண்டியிலிருந்து இறக்குவதைப் போலப் பார்த்துப் பார்த்து இறக்கினான். தெருவில் அதற்கு முன் டிவி என்ற ஒன்றை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம் என்றால் அவள் வீடுதான். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். கால் கழுவாமல் எந்த மகாராஜாவும் உள்ளே வர முடியாது. குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் சுவரோரம். கம்பெனியில் மலிவாகத் தருகிற உடைந்த பிஸ்கட் ஒரு தட்டில் சுற்றி வரும். தையல்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருக்காகவே டிவியக்கா கையில் ஒரு விசிறியை வைத்திருந்தாள், காற்றுக்கு அல்ல. படம் முடியும்போது பாதிப் பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கும். ஒருமுறை பேக்கரிக்காரர் இருட்டில் வேறு வீட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்; காலையில் அது பால் கேட்டு அழுத குரலில்தான் மாறிப்போனது தெரிந்தது. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது.

இதையெல்லாம் டிவியக்கா சொல்லாத இடமில்லை. பஸ் நிறுத்தத்தில் சொல்வாள், ஆஸ்பத்திரி வரிசையில் சொல்வாள். மருமகளுக்கு மனப்பாடம்.

கதையின் கிரீடம் கடைசியில் வரும். புருஷன் லோடு ஏற்றப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்ச்சேர்ந்த பிறகு, கைப்பிள்ளையோடு அவள் தனியாக இருந்த காலம். டிவியில் படம் போய்விட்டது. குரல் மட்டும் வந்தது. மெக்கானிக் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தான். அப்போதும் ஞாயிறு சாயங்காலம் தெரு முழுவதும் வந்து, காலைக் கழுவிக்கொண்டு, வெற்றுக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டது. வாரக்கணக்கில்.

"அந்தக் காலத்து மனுசங்க அப்படி. ஒரு டிவி சத்தத்துக்கு என்ன ஏக்கம் பாரு. இப்ப ஆளுக்கொரு பெட்டி, ஒருத்தருக்கும் பொறுமையில்ல" என்று முடிப்பாள். யாராவது எதிர்த்துப் பேசினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அதற்குப் பயந்தே யாரும் எதிர்ப்பதில்லை.

அந்தக் காலத்து ஆட்களில் தெருவில் மிஞ்சியது பேக்கரிக்காரரும் அவர் மனைவியும்தான். பேக்கரிக்காரருக்குக் காது அடைத்துவிட்டது. அவர் மனைவிக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. மகள் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வந்து நின்றாள். சாமான் கட்ட ஒத்தாசைக்கு டிவியக்கா போனாள். ஒத்தாசை என்று பேர்; ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

பரணிலிருந்து மகள் ஒரு சாக்கு மூட்டையை இறக்கினாள். கனம் தாங்காமல் தரையில் வைத்தபோது சாக்கு நழுவியது. உள்ளே ஒரு டிவி. நாலு கால், இழுத்து மூடும் மரக்கதவு. அதன்மேலேயே மடக்கி வைத்த ஆன்டெனா.

"இது எங்க வீட்டு டிவியோட உடன்பிறப்பு மாதிரி இருக்கே. ஏது?" என்றாள் டிவியக்கா.

பேக்கரிக்காரர் மனைவி கையிலிருந்த கரண்டிகளைக் கீழே போட்டாள். "அதுவா? யாரோ பழசுன்னு கொடுத்தாங்கக்கா. இப்பத்தான், போன வருசம்."

"எதைச் சொல்றா?" என்று பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். காது கேட்காதவர் பேச்சு எட்டு வீட்டுக்குக் கேட்கும். "அடடே, இன்னும் இருக்கா இது? அண்ணன் தவறின மறு வருசம் தவணையில வாங்கினதாச்சே. நம்ம பொண்ணு அப்பத்தான் நடை பழகுச்சு."

மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள்.

"ஏன் கிள்ளுற? பொய்யா சொல்றேன்?" என்றார் அவர், அதைவிடச் சத்தமாக.

டிவியக்காவைத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் போன மறு வருசம் என்றால், படம் போய்ச் சத்தம் மட்டும் வந்தது அதற்கும் அடுத்த கோடையில். மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள், தப்பாக இருக்கும் என்று இன்னொருமுறை பார்த்தாள். கணக்கு அசையவில்லை. வீட்டில் படம் தெரிகிற டிவியைப் பூட்டி வைத்துவிட்டு, இவர்கள் அவள் வீட்டில் வந்து இருட்டுக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். "உங்க வீட்ல மட்டும்தானா?"

பேக்கரிக்காரர் மனைவி நழுவிய சாக்கை இழுத்து டிவியை மூடினாள்.

"வாயைத் திற. தையல்காரர் வீட்ல?"

"அவர்தான்க்கா முதல்ல வாங்கினது."

"என்கிட்ட விசிறியில அடி வாங்கினாரே."

"ஆமா. வீட்ல வந்து தடவிக்குவாராம்."

"பக்கத்து வீட்ல? கடைசி வீட்ல?"

"எல்லார் வீட்லயும் இருந்துச்சுக்கா. வெளியில தெரியக்கூடாதுன்னு ஆன்டெனாவைக் கூரைமேல ஏத்தல. பரண்லயே கட்டினோம். அதனால படம் பூரா மழைதான். மூஞ்சி எது முதுகு எதுன்னே தெரியாது. மத்த நாள்ல ஜன்னலைச் சாத்திட்டு, சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பார்ப்போம்."

டிவியக்காவுக்கு அந்தக் கோடை நினைவு வந்தது. வெந்து சாகிற புழுக்கத்தில் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கேட்டதற்கு, பிஸ்கட் கம்பெனிப் புகை உள்ளே வருகிறது என்றார்கள். அவளும் கம்பெனி மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். புகையா, எந்தப் புகை என்று அந்த மனுஷன் பேயறைந்தவனைப் போல விழித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து டிவிகளை மறைத்ததை யார் கேட்டிருக்கிறார்கள்?

"கால் கழுவச் சொன்னேனே உங்களை" என்றாள். "உடைஞ்ச பிஸ்கட்டைக் கொடுத்து, ஆளுக்கு ரெண்டுக்கு மேல எடுக்காதேன்னு சொன்னேனே. பேக்கரி வெச்சிருந்தவன்கிட்ட."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பேக்கரிக்காரர், இதை மட்டும் எப்படியோ கேட்டுவிட்டு.

"நீ பேசாதே தம்பி." மனைவி பக்கம் திரும்பினாள். "ஏன்டி இப்படிப் பண்ணீங்க?"

பேக்கரிக்காரர் மனைவி தரையில் சிதறிக்கிடந்த கரண்டிகளைப் பார்த்தபடி சொன்னாள். "அண்ணன் போனப்புறம் நீ விளக்குகூடப் போடலையேக்கா. பிள்ளை அழுதாலும் எழுந்திருக்கல. வந்து என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அழாதேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயித்துக்கிழமையாச்சேன்னு கதவைத் தட்டி, படம் போடலையான்னு கேட்டேன். நீ எழுந்து வந்து, வெட்கங்கெட்ட ஜென்மமேன்னு திட்டின. திட்டறவ பொழைச்சுக்குவா, விடாம போங்கன்னு தையல்காரர் சொன்னார். போனோம். அப்புறம் நிறுத்தத் தெரியல."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். டிவியக்கா அப்படிப்பட்ட பிறவி இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் தெருவுக்கே கண்ணைத் திறந்து வைத்தவள் என்று தலை நிமிர்ந்து நடந்தாளே. அந்தத் தலையை இப்போது எங்கே வைப்பாள்? எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். சாயங்காலம் சாமான் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"அக்கா, போயிட்டு வரேன்க்கா."

டிவியக்கா தாழைத் தொடவில்லை. இன்னொருமுறை தட்டல். பிறகு முழங்காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். வண்டி போய்விட்டது.

வாரம் முழுவதும் மருமகள் கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. மாமியார் யாரிடமும் அந்தக் கதையைச் சொல்லவில்லை என்பதை மருமகள் கவனித்தாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் ஊருக்கே படம் காட்டினேன்னு நினைச்சேன். ஊரு எனக்குக் காட்டியிருக்கு" என்றாள் டிவியக்கா. மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவரகலத்துக்கு மகன் வாங்கி மாட்டிய டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். நூறு சேனல். எதிரே தரை காலியாக மினுங்கியது. புருஷன் போனபிறகு வந்த அந்த முதல் ஞாயிறு நினைவுக்கு வந்தது. வாசலில் இடுப்புப் பிள்ளையோடு வந்த பேக்கரிக்காரர் மனைவி, தன் வீட்டிலேயே கால் கழுவி, ஈரக் காலோடு நின்றாள். அப்போது டிவியக்கா அந்தக் காலைப் பார்த்தாளே தவிர, வேறு எதையும் பார்க்கவில்லை. திட்டுவதற்காக எழுந்தவள், எழுந்தேவிட்டாள். அதற்குப் பிறகு படுக்கவில்லை.

டிவியை நிறுத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வழியில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கி, இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து பேக்கரிக்காரர் மகளின் மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"பெரியம்மா, நீங்களா? நல்லவேளை வந்தீங்க. அம்மா வந்ததிலிருந்து ஜன்னலைவிட்டு நகரல. சாப்பாடும் சரியா இல்ல. இங்க யாரையும் தெரியலன்னு ஒரே பாட்டு."

டிவியக்கா குளியலறைக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். சோபா இருக்கும்போதே தரையில், டிவிக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஜன்னலோரம் இருந்த உருவம் திரும்பிப் பார்த்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பார்க்கிற? படம் போடலையா?" என்றாள் டிவியக்கா.

மகளுக்கு ஆச்சரியம். "உங்க வீட்ல அவ்ளோ பெரிய டிவி இருக்கே பெரியம்மா, என்னாச்சு?"

"படம் போச்சு. சத்தம் மட்டும்தான் வருது."

பேக்கரிக்காரர் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாளா, சிரித்தாளா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே முந்தானைதான்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்று உள்ளறையிலிருந்து வந்தார் பேக்கரிக்காரர்.

"அவங்க வீட்ல படம் வரலையாம்" என்று மனைவி அவர் காதில் கத்தினாள்.

அவர் உடனே தீர்ப்புச் சொன்னார். "மெக்கானிக் லேசுல வரமாட்டான். ஞாயித்துக்கிழமைதோறும் இங்க வந்துடச் சொல்லு."

"தம்பி, நீ நெட்டை. சுவரோரமா போய் உட்காரு, மறைக்குது" என்றாள் டிவியக்கா, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "ஆளுக்கு ரெண்டுதான்."